பொலிசுக்குப் போடுற ஹெல்மெட்

சந்தியில பொலிஸ் நிக்குது எண்டு எதிர வாறவர் லைற் அடிச்சுக் காட்டினாத்தான் எங்களுக்குத் தலை ஞாபகம் வருது. அதுவரைக்கும் ஹெல்மெட் முழங்கையில தொங்கும். போட்டாலும் நாடிவார் பூட்டுறேல்லை. விழுந்தால் முதலில் கழன்று ஓடுவது அதுதான்.

பிழை எங்களில்தான், சரி. ஆனால் ஹெல்மெட் என்றால் பொலிஸ் விஷயம் என்று எங்களுக்குப் பழக்கியது யார்? 2015இல் முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட்டைத் தடைசெய்வதாகப் பொலிஸ் அறிவித்தது. கள்ளரைப் பிடிக்க வேணுமாம். தாடையையும் சேர்த்துக் காப்பது அந்த வகைதான். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் தப்பினோம்.

எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்து வாங்கு என்கிறார்கள். வாங்கத்தான் வேணும். ஆனால் அந்த முத்திரை பாஸா, பெயிலா என்று மட்டும்தான் சொல்லும். பாஸானதுகளுக்குள் எது திறம்? பிரித்தானிய அரசின் ‘ஷார்ப்’ திட்டம் 2007 முதல் இதைத்தான் செய்கிறது. ஏற்கெனவே பாஸான ஹெல்மெட்டுகளைக் கடையில் வாங்கி, திரும்ப மோதவிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுகிறது. விலை கூடினதெல்லாம் ஐந்து எடுப்பதில்லை, மலிவானதும் எடுக்கிறது. காசு குறைந்த எங்களுக்குத்தானே இந்தத் தகவல் கூடத் தேவை?

உள்ளுக்கு இருக்கிற ரிஜிபோம் நசுங்கித்தான் அடியை வாங்கும். நசுங்கினது திரும்ப நிமிராது. விழுந்தடிபட்ட ஹெல்மெட்டைத் தம்பிக்குக் குடுக்கிறது பாசமில்லை.

பொலிஸ் இல்லாத ஒழுங்கையிலயும் மதில் மதில்தான். இண்டைக்கே நாடிவாரைப் பூட்டுவம். கடைக்குப் போனால், “அண்ணை, இது எத்தினை நட்சத்திரம்?” எண்டு கேப்பம். அவருக்குத் தெரியாட்டி, அவர் அரசாங்கத்தைக் கேக்கட்டும்.