ஐரோப்பிய வரலாறு யாருடையது?

அமெரிக்காவில் குடியேறி வாழும் நம் சமுதாயப் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை எழுப்பி வருகின்றனர். காலேஜ் போர்டு என்னும் நிறுவனம் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட் தேர்வுகளை நடத்துகிறது. கல்லூரித் தரத்தில் அமைந்த அத்தேர்வுகளுள் ஐரோப்பிய வரலாறும் ஒன்று. "போப்பாண்டவர்களின் பூசல்களையும் கிறிஸ்தவ மன்னர்களின் போர்களையும் நம் பிள்ளை ஏன் உருப்போட வேண்டும்? அதனால் ஈமானுக்குக் கேடு வராதா?" என்பது அவர்களின் கேள்வி. ஊரிலிருக்கும் பாட்டனாரும் "ஆம், அது வேண்டாம்" என்று தலையசைக்கின்றார். இன்னொரு சாராரோ, "எதைப் படித்தால் என்ன? வழிகாட்டி நூலை மனனம் செய்து 5 மதிப்பெண் வாங்கி வா, கல்லூரியில் ஒரு பாடத்தின் கட்டணமாவது மிஞ்சும்" என்கின்றனர்.

இவ்விரு கூற்றும் பிழையானவை. முன்னது அறியாமை ஈன்ற அச்சம். பின்னது கல்வியைக் கடைச்சரக்காக்கும் அலட்சியம். நம் பிள்ளை இத்தாளை எழுதத்தான் வேண்டும். எழுதுவதோடு நில்லாமல் அத்தாளையே கேள்வி கேட்கவும் வேண்டும். இதுவே நமது வாதம்.

தேர்வின் அமைப்பை முதலில் காண்போம். மூன்றேகால் மணி நேரத் தேர்வு அது. சரியான விடையைத் தெரிவு செய்யும் வினாக்கள் 55, குறுவிடை வினாக்கள் 3, நெடுங்கட்டுரை ஒன்று. இவற்றுடன் ஆவணக் கட்டுரை என ஒன்றுண்டு. ஒரு மடல், ஓர் அரசாணை, ஒரு பயணியின் குறிப்பு, ஒரு சித்திரம் என்றவாறு 7 ஆவணங்களை மாணவன் முன் வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் அவற்றைப் படித்துச் சீர்தூக்கி அவன் ஒரு முடிவை நிறுவ வேண்டும். ஆவணம் என்ன சொல்கிறது என்று எழுதினால் மட்டும் போதாது. சொன்னவர் யார்? எந்தச் சூழலில் சொன்னார்? யாரை நோக்கிச் சொன்னார்? எந்த நோக்கத்துக்காகச் சொன்னார்? இவற்றையும் அவன் ஆராய்ந்து காட்ட வேண்டும். மொத்த மதிப்பில் நூற்றுக்கு 25 பங்கு இந்த ஒரு கட்டுரைக்கே உரியது.

இதைக் கேட்டவுடன் மதரஸாவில் ஓதிய எவருக்கும் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வராமற் போகுமா? ஒரு செய்தி வந்தால் அதன் வாசகத்தை மட்டும் பாராமல் அறிவிப்பாளர் வரிசையான இஸ்னாதையும் பார் என்று கற்பித்தவர்கள் நம் ஹதீஸ் கலை இமாம்கள் அல்லரோ? அறிவிப்பாளர் நேர்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, யாரிடம் கேட்டார், அவரை நேரில் சந்தித்தாரா என்று துருவித் துருவி ஆராய்ந்த ஜர்ஹ், தஃதீல் என்னும் துறையை வளர்த்தவர்கள் அவர்கள். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. இப்னு கல்தூன் (ரஹ்) 1377இல் தமது முகத்திமாவை எழுதியபோது, மூஸா நபி (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்தனர் என்னும் செய்தியை எடுத்துக்கொண்டு, அத்துணைப் பெரும் படை நின்று போரிட இடம் ஏது என்று கேட்டார். அறிவிப்பாளரை மட்டுமன்றி, அறிவிக்கப்பட்ட செய்தியையும் உரைத்துப் பார்க்கும் துணிவு அது.

ஹதீஸ் ஆய்வும் அமெரிக்கத் தேர்வும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஒன்று மார்க்கத்தின் அமானிதம்; மற்றது பள்ளிப் பாடம். ஆயினும் இரண்டிலும் வேண்டப்படுவது ஒரே ஒழுக்கம்: கேட்டதையெல்லாம் நம்பாதே, விசாரி. இவ்வொழுக்கத்தைக் கற்பிக்கும் பாடத்தைக் கண்டு ஈமானுக்கு அஞ்சுவது விந்தையன்றோ? வழிகாட்டி நூலை உருப்போடச் சொல்வோரும் சிந்திக்கட்டும். முன்பின் கண்டிராத 7 ஆவணங்களுக்கு எந்த மனனம் கைகொடுக்கும்?

இனி, அத்தாளின் மீது நாம் தொடுக்க வேண்டிய கேள்விக்கு வருவோம். பாடத்திட்டம் ஏறத்தாழ 1450இல் தொடங்குகிறது. முதற் பகுதியே மறுமலர்ச்சி. கிரேக்க, ரோமானிய நூல்களை இத்தாலிய அறிஞர் மீட்டெடுத்தனர்; ஐரோப்பா விழித்தது. அந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்கும் பிள்ளை, ஐரோப்பா தானே உறங்கித் தானே எழுந்தது என்று எண்ணினால் அது பிள்ளையின் குற்றமாகுமா?

1450க்கு முன் நடந்தது என்ன? அரிஸ்டாட்டிலும் தாலமியும் பக்தாதில் அரபி பேசினர். டொலேடோ நகரம் 1085இல் கிறிஸ்தவர் வசமான பின், இத்தாலியின் கிரெமோனா ஊரினரான ஜெரார்டு அங்கு வந்து அரபி கற்றார். 1187இல் இறக்கும் முன் எழுபதுக்கும் மேற்பட்ட அரபி நூல்களை லத்தீனில் பெயர்த்தார். அவர் பெயர்த்த இப்னு சீனாவின் கானூன், பதினேழாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் மருத்துவப் பாடநூலாக விளங்கிற்று. பீசா நகரத்து லியோனார்டோ வட ஆப்பிரிக்காவின் புஜாயாத் துறைமுகத்தில் இந்திய எண்களைக் கற்று 1202இல் தம் கணித நூலை எழுதினார்.

"இவையெல்லாம் உலக வரலாற்றுத் தாளில் உள்ளனவே" எனச் சிலர் மறுப்புரைக்கலாம். மெய்தான். அதே நிறுவனத்தின் உலக வரலாற்றுத் தாள் 1200இல் தொடங்குகிறது. இஸ்லாமிய உலகின் அறிவுப் பணியும் அங்கே பேசப்படுகிறது. நமது முறையீடே அதுதான்! குர்துபா எங்கே இருக்கிறது? டொலேடோ எங்கே இருக்கிறது? சிசிலியின் பலெர்மோ எங்கே இருக்கிறது? ஐரோப்பிய மண்ணில் நடந்ததை ஐரோப்பாவின் வரலாற்றிலிருந்து பிரித்து "உலகத்தின்" கணக்கில் எழுதினால், முஸ்லிம் பிள்ளை அந்த மண்ணுக்கு என்றும் விருந்தாளியாகவே தோன்றுவான். ஒரு பாடத்துக்குத் தொடக்கம் எங்கேனும் இருந்தாக வேண்டும் என்பதை ஒப்புகிறோம். ஆனால் தொடக்கத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு தீர்ப்பே என்பதைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதும் நம்மவருள் மூன்றாம் சாரார் ஒருவர் மகிழ்ந்து எழுவார். "பார்த்தீர்களா, ஐரோப்பாவுக்கு எல்லாம் கொடுத்தவர் நாமே!" என்று மேடை முழக்கம் செய்வார். அவரிடமும் ஒரு சொல். கிரேக்க மருத்துவ நூல்களை அரபியாக்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர். 1195இல் இப்னு ருஷ்தை (ரஹ்) நாடு கடத்தி அவருடைய தத்துவ நூல்களை எரித்தவர்கள் முஸ்லிம் ஆட்சியாளர்கள். அரிஸ்டாட்டிலின் ஆன்ம நூலுக்கு அவர் எழுதிய பேருரை இன்று முழுமையாக லத்தீனில்தான் கிடைக்கிறது. கிரானடா 1492இல் வீழ்ந்த பின் அங்கே அரபி நூல்களைத் தீயிட்டவர் சிஸ்னேரோஸ் என்னும் பாதிரியார். நூலை எரித்த கை இரு பக்கமும் இருந்தது. காத்த கையும் இரு பக்கமும் இருந்தது. இதை மறைத்துப் பெருமை பேசுபவர், 1450இல் கோடு கிழித்தவரைக் குறை சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறார்.

ஆகவே பெற்றோருக்கு நாம் ஒரு பயிற்சியைச் சொல்கிறோம். பாடத்திட்டத்தில் போர்த்துக்கீசியரின் கடற்பயணம் வருகிறது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததைப் பிள்ளை படிப்பான். அப்போது மலபாரின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) பதினாறாம் நூற்றாண்டில் அரபியில் எழுதிய துஹ்ஃபத்துல் முஜாஹிதீனையும் அவன் கையில் கொடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு 1833 முதலே உண்டு. போர்த்துக்கீசியர் கப்பல்களைப் பறித்ததையும் பள்ளிவாசல்களை எரித்ததையும் அதில் காண்பான். முஸ்லிமல்லாத சாமூதிரி மன்னரை அந்நூல் போற்றுவதையும் காண்பான். பிறகு, அதே நான்கு கேள்விகளை அந்நூலிடமும் கேட்கச் சொல்லுங்கள். அது போருக்கு எழுப்பும் நோக்குடன், பீஜப்பூர் சுல்தானுக்குக் காணிக்கையாக எழுதப்பட்ட நூல். அந்நோக்கம் அதன் சொல்லை எவ்வாறு வளைத்திருக்கும்? பிறர் ஆவணத்தைச் சோதித்து, நம் ஆவணத்தைச் சோதியாமல் விடுபவன் வரலாற்று மாணவன் அல்லன், கட்சிக்காரன்.

இந்நூல் வினாத்தாளில் வராது போகலாம். மதிப்பெண் 5 ஆயினும் 3 ஆயினும் ஆகுக. தன் வரலாற்றையும் பிறர் வரலாற்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கற்ற பிள்ளைக்கு எந்தப் பாடநூலும் அச்சமூட்டாது. தனக்குப் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். அச்சாட்சியத்தை நம் மக்கள் தேர்வு மண்டபத்திலும் நிலைநாட்ட வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.