அரங்கேற்றத்துக்கு மறுநாள்

மட்டக்களப்பில் கூத்து அரங்கேற்றத்தோடு முடிவதில்லை. விடிய விடிய ஆடி, வாழி பாடி, களரியைச் சுற்றியிருந்த சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு போன பிறகும் ஒரு கட்டம் மிச்சமிருக்கிறது. பாட்டுக் கொப்பியான சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் நீளும் வரிசையின் கடைசியில் வருவது வீட்டுக்கு வீடு ஆடல். உடுப்புக் களையாத ராசாக்களும் மந்திரிகளும் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் மத்தளத்துக்குப் பின்னால் ஒழுங்கை ஒழுங்கையாகப் போவார்கள். ஒவ்வொரு வளவிலும் ஒரு தருப் பாட்டு, ஒரு வரவாட்டம். வீட்டார் தங்களால் ஆனதைக் கொடுப்பார்கள். கூத்துச் செலவின் கடன் தீர்வதும், அண்ணாவியாருக்கு ஊர் தன் மரியாதையைக் கையில் வைப்பதும் இந்த நடையில்தான்.

சிறுவயதில் எங்கள் முற்றத்துக்கும் ஒரு ராசா வந்தார். கரப்புடுப்பு படலைக்குள் அடங்காமல் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார். இரவு களரியில் லாம்பு வெளிச்சத்தில் பார்த்த அதே முடி, பகலில் கண்ணாடித் துண்டுகள் மின்ன, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. குசினிக்குள் நின்ற பெண்கள் வெளியே வந்து குரவை போட்டார்கள். அந்த ராசா யாருடைய மகன் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் ஆடி முடிக்கும்வரை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

இந்த வழக்கத்தைப் பற்றி இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. உலகத்தின் வேறு மூலைகளில், அழகான வீடுகளைத் திறந்துவிட்டுப் பணம் சேர்த்து இசைக்குக் கொடுக்கிறார்கள். கலிபோர்னியாவின் பசதீனா நகரில் பெண்கள் குழு ஒன்று 1965இல் இதைத் தொடங்கியது. ஒரு பெரிய வீட்டைத் தெரிந்தெடுத்து, அறை அறையாக உள்ளலங்காரக் கலைஞர்களிடம் ஒப்படைத்து, ரிக்கற் விற்று ஊரை உள்ளே விடுவார்கள். சேரும் பணம் பிள்ளைகளின் இசைக் கல்விக்கும் இசைக்குழுக்களுக்கும் போகிறது. இங்கிலாந்தில் இதற்கும் முந்திய ஒன்று உண்டு. 1927இல் 609 தனியார் தோட்டங்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தன; அந்தப் பணம் வீடு வீடாகப் போய் நோயாளரைப் பார்க்கும் தாதியருக்கு. நமது கொழும்பிலும் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வீட்டைக் கட்டணம் கொடுத்துச் சுற்றிப் பார்க்கலாம்.

அங்கெல்லாம் சனம் வீட்டைத் தேடிப் போகிறது. இங்கே கலை வீட்டைத் தேடி வந்தது. இரண்டையும் சேர்த்து மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு வீடு திறக்கும் நாள் வைக்கலாம் என்பது என் எண்ணம். வாசலில் ரிக்கற், உள்ளே வீடு, முற்றத்தில் பாட்டு, பணம் முழுவதும் கலைஞருக்கு. இதற்கு வெளிநாட்டு மாதிரி தேவையில்லை. வீடுதான் கலைக்குப் புரவலர் என்ற ஏற்பாடு இந்த மண்ணில் ஏற்கெனவே நடந்த ஒன்று.

எந்த வீடுகளைக் காட்டுவது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி இந்த மாவட்டத்தில் கூரையோடு நின்ற வீடுகளை எண்ணிவிடலாம் என்ற நிலையை உண்டாக்கியது. பிறகு நீண்ட யுத்தம். 2004 டிசம்பர் 26 காலை கடல் கல்லடியிலும் டச்பாரிலும் நாவலடியிலும் உள்ளே வந்தது. செட்டிநாட்டைப் போல வரிசையாக மாளிகைகள் நமக்கு இல்லை. புளியந்தீவின் பழைய தெருக்களில் ஓடு போட்ட, அகன்ற விறாந்தை வைத்த வீடுகள் சில நிற்கின்றன. வாவியின் மேற்கே படுவான்கரையில் மண்சுவரும் கிடுகும் கொண்ட வீடுகள் இன்னும் சில உண்டு. சூறாவளிக்குப் பிறகு எழும்பிய தகரக் கூரை வீடுகளும், ஆழிப்பேரலைக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் ஒரே அச்சில் கட்டிக் கொடுத்து, குடியிருப்போர் பின்னால் ஒரு பத்தியும் முன்னால் ஒரு திண்ணையும் இறக்கித் தமதாக்கிக்கொண்ட வீடுகளும் இருக்கின்றன. இவையெல்லாம் பார்க்க வேண்டிய வீடுகள்தான். இந்த ஊரின் ஐம்பது வருடம் அவற்றின் சுவரில் இருக்கிறது.

இன்னொன்றும் நமக்கு உண்டு. இங்கே வீடு பெண்ணுக்குரியது. குடி தாய்வழி வருகிறது; வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. மாப்பிள்ளை வந்து சேர்கிறார். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தக் கரையில் பல வருடம் ஆய்ந்து எழுதியதில், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இந்தத் தாய்வழி ஒழுங்கு இருப்பது விரிவாக வருகிறது. ஆகவே வீட்டைத் திறப்பதற்கான அழைப்பு, உறுதி யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெண்ணின் பெயரில் போக வேண்டும். வந்தவர்களை நிறுத்தி வீட்டின் கதையைச் சொல்பவரும் அவராக இருக்கட்டும். தாலாட்டும் ஊஞ்சல் பாட்டும் ஒப்பாரியும் குரவையும் வீட்டுக்குள் பெண்கள் வைத்துக் காத்த இசை. அவற்றுக்கு மேடையும் இல்லை, பரிசளிப்பு விழாவும் இல்லை. வயதான ஒரு தாய் தன் வீட்டுத் திண்ணையில் இருந்து பாடினால் அதையும் நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டும், பணமும் கொடுக்க வேண்டும்.

கூத்துக்கு மட்டும் இந்த நாள் உரியதாக இருக்கக் கூடாது. வாவியைச் சுற்றி இருக்கும் இசை பலருடையது. பறங்கியர் கல்யாண வீட்டில் வயலினோடு எழும்பும் கஃப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டு அவற்றில் ஒன்று. அதைப் பாடும் போர்த்துக்கீசக் கிரியோல் மொழியைப் பேசுவோர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் சில நூறு குடும்பங்களுக்குள் ஒடுங்கிவிட்டார்கள். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோ வந்து அதை ஒலிப்பதிவு செய்து போனார். பக்கத்துத் தெருவில் இருக்கும் நாம் எத்தனை பேர் அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டிருக்கிறோம்? காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் றபானும் களிகம்பும் இருக்கின்றன. அந்த வீட்டார் அழைத்தால் அந்தப் பாட்டையும் கேட்கும் பாக்கியம் கிடைக்கும். யுத்த காலம் இந்தச் சமூகங்களுக்கிடையே போட்ட தூரத்தை அரசாங்கக் கூட்டங்கள் குறைத்ததை நான் காணவில்லை. ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் இருந்து பாட்டுக் கேட்பது வேறு விதமான காரியம்.

மிகக் கவனமாகச் சொல்ல வேண்டிய ஒன்று, பறைமேளக் கலைஞர் பற்றியது. பறையும் தம்பட்டமும் சொர்ணாளியும் சேர்ந்த அந்த வாத்தியம் இல்லாமல் இந்தப் பகுதியின் கோயில் சடங்கும் இல்லை, சாவீடும் இல்லை. ஆனாலும் அதை வாசித்தவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் படலைக்கு வெளியே நிறுத்தியே வாசிக்கச் சொன்னோம். வீடு திறக்கும் நாள் ஒன்று வந்தால் அவர்கள் முன்வாசலால் வந்து, விறாந்தையில் கதிரையில் இருந்து, வீட்டாரோடு தேத்தண்ணி குடித்து, அதன்பிறகு முற்றத்தில் வாசிக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத வீடு எவ்வளவு பழையதாக இருந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எதிர்ப்பு ஒன்றும் எனக்குத் தெரியும். கூத்தைத் துண்டாக்கிக் காட்டுவது கூத்தைக் கெடுக்கும் என்பார்கள். பாசிக்குடாவுக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு இராச் சாப்பாட்டு வேளையில் பத்து நிமிடம் ஆடிக் காட்டும் பழக்கத்தைப் பார்த்தவர்களின் பயம் அது, சரியான பயம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைப் படச்சட்ட மேடைக்கு ஏற்றியபோதும் இதே வாதம் எழுந்தது. 1962இல் கர்ணன் போர், பிறகு நொண்டி நாடகம், இராவணேசன் என்று வந்தன. மட்டக்களப்பிலிருந்து வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போய்ப் பழக்கினார். மௌனகுரு போன்ற மாணவர்கள் ஆடினார்கள். படித்தவர் மத்தியில் கூத்துக்கு மதிப்பு வந்தது அதனால்தான். ஆனால் விடியும்வரை ஆடிய கூத்து சுருங்கியது, நான்கு பக்கமும் இருந்த சனம் ஒரு பக்கத்துக்குப் போனது. 2000களின் தொடக்கத்தில் கூத்துச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் சீலாமுனை மக்களோடு சேர்ந்து கூத்தை ஊருக்குள்ளேயே, ஊரவர் பேசி முடிவெடுத்து மீளுருவாக்கம் செய்யப் புறப்பட்டது இதற்கு வந்த பதில்களில் ஒன்று.

வீட்டுக்கு வீடு ஆடலில் இந்தச் சிக்கலுக்கு விடை இருக்கிறது. அங்கேயும் ஆட்டம் சில நிமிடம்தான். ஆனால் பார்க்கும் வீட்டார் முதல்நாள் இரவு முழுக் கூத்தையும் பார்த்தவர்கள். தருமர் எங்கே தோற்றார், திரௌபதை என்ன கேட்டாள் என்பது மனதில் கிடக்கும்போது முற்றத்தில் ஒரு தரு போதும். துண்டு முழுமையை நினைவூட்டியது. முழுமைக்குப் பதிலாக வரவில்லை. ஆகவே வீடு திறக்கும் நாளுக்கு என் இன்னொரு பிடிவாதமான விதி இது: ஓர் ஊரில் முழு இரவுக் கூத்து வட்டக்களரியில் அரங்கேறிய மறுநாளோ அந்த வார இறுதியிலோதான் அந்த ஊர் வீடுகளைத் திறக்க வேண்டும். ரிக்கற் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். இரவு களரியில் இருக்காதவருக்குப் பகல் வீடு இல்லை.

காலமும் பொருந்தி வருகிறது. பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிந்து கையில் காசும் ஓய்வும் இருக்கும் மாசி, பங்குனிக்குப் பிறகே கூத்துப் பருவம். வாவியில் நீர் தெளிந்து அடங்குவதும் அதன்பிறகுதான். பூரணை இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்கும் பருவமும் அது. அந்த ஒலியைப் புனித மிக்கேல் கல்லூரியின் லாங் அடிகளார் பதிவு செய்தார். யாழ் நூலில் விபுலாநந்த அடிகள் அதற்கு ஓர் இடம் கொடுத்தார். கல்லடியிலேயே அடிகளின் பெயரால் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவகம் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டம் கொடுக்கிறது. படித்து வெளியேறும் பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவராக நின்று, வருபவர்களுக்குத் தருவையும் தாளக்கட்டையும் விளக்கிச் சொல்லலாம். அவர்களுக்கும் அண்ணாவிமாரைக் கிட்ட இருந்து கேட்கும் நாளாக அது அமையும்.

போக்குவரத்து முன்போல் கஷ்டமில்லை. மண்முனைத் துறையில் ‘பாதை’ என்ற மிதவைக்குக் காத்து நின்று கடந்த நாள் 2014இல் பாலம் வந்ததோடு முடிந்தது. நகரத்திலிருந்து கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பக்கம் போய் இரவு கூத்துப் பார்த்து, காலை வீடுகளைச் சுற்றி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்தச் சாப்பாட்டையும் ஊரிலேயே காசு கொடுத்துச் சாப்பிட்டால் இன்னும் நல்லது.

பணத்தை யார் வைத்திருப்பது என்பதில்தான் நல்ல காரியங்கள் கெடுகின்றன. சங்கம், தலைவர், பொன்னாடை என்று போகாமல், கூத்துக்கு ஊரில் காலாகாலமாக இருந்த முறைப்படி, அண்ணாவியாரும் கோயில் நிர்வாகியான வண்ணக்கரும் வீடு திறந்த பெண்களில் இருவரும் களரி போட்ட இடத்திலேயே எண்ணி, அன்றே பங்கிடட்டும். முதல் பங்கு அண்ணாவியாருக்கும் மத்தளத்துக்கும் சல்லாரிக்கும் பிற்பாட்டுக்கும். அடுத்தது உடுப்புக் கட்டுபவருக்கும் முடி செய்பவருக்கும். அந்தக் கைகள் குறைந்து வருகின்றன. மற்றச் சமூகத்துக் கலைஞருக்கு வாசிக்க முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். மிஞ்சினால் பழைய கூத்துக் கொப்பிகளைப் பிரதி எடுக்கட்டும்.

வரும் பங்குனியில் உங்கள் ஊரில் சட்டம் கொடுத்துப் பழக்கம் நடந்துகொண்டிருந்தால், அரங்கேற்ற நாள் குறிக்கும்போதே மறுநாளுக்கு எந்தெந்த வளவுகள் என்பதையும் அண்ணாவியாரோடு இருந்து குறித்துவிடுங்கள். பத்து வீடு போதும். அவற்றில் ஒன்றாவது மண்வீடாக இருக்கட்டும்.