சல்லடையைக் காக்கும் தூது



கர்ப்பிணியான மகளையோ மருமகளையோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போதெல்லாம், கையில் ஒரு சிறு குப்பியைக் கொடுத்து, சிறுநீர் பிடித்து வரச் சொல்வதைக் கண்டிருப்பீர்கள். "சென்ற முறைதானே பார்த்தார்கள், மீண்டும் எதற்கு?" என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களும் நம் வீடுகளில் உண்டு. அந்தக் குப்பியில் முக்கியமாகத் தேடப்படுவது புரதம். இரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம் சிறுநீரில் ஏன் வரவேண்டும்? இதன் விடை, சிறுநீரகத்தினுள் இருவகைச் செல்களுக்கிடையே ஓயாமல் நடக்கும் ஒரு தூதில் அடங்கியிருக்கிறது.

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்கு அவற்றின் வழியே வடிவது சுமார் 180 லிட்டர் நீர். அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்திற்கே திரும்பிவிட, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. மாவு சலிக்கும் சல்லடை தவிட்டை நிறுத்திக்கொண்டு மாவை விடுவதுபோல், இவ்வடிகட்டி புரதத்தை நிறுத்திக்கொண்டு நீரையும் கழிவையும் விடுகிறது.

இச்சல்லடைக்கு மூன்று அடுக்குகள். உட்புறம், நுண்துளைகள் நிறைந்த இரத்தக்குழாய்ச் செல்கள். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. வெளிப்புறம், போடோசைட் எனப்படும் பாதச்செல்கள். விரல்களைக் கோத்துக்கொண்டாற்போல் இவை தம் நுண்ணிய பாதங்களைப் பின்னிக் குழாயைத் தழுவி நிற்கின்றன. இப்பாதச்செல்கள் எளிதில் பெருகுவதில்லை. இழந்தவற்றை ஈடுசெய்யும் ஆற்றல் உடலுக்கு மிகக் குறைவு.

வெளியே நிற்கும் இப்பாதச்செல்கள் 'இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி' என்னும் ஒரு பொருளைச் சுரந்து உள்ளே அனுப்புகின்றன. அதைப் பெறுவதற்கென்றே குழாய்ச் செல்களின் மேல் 'ஏற்பிகள்' அமைந்துள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் காரணி ஏற்பியில் பொருந்தினால்தான் அச்செல்கள் நலமாயிருக்கும், துளைகளும் சீராயிருக்கும்.

இத்தூது குறைந்தால் என்ன ஆகும்? 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சுண்டெலிகளின் பாதச்செல்களில் மட்டும் இக்காரணியை உண்டாக்கும் மரபணுவைக் குறைத்துப் பார்த்தார்கள். குழாய்ச் செல்கள் வீங்கின, புரதம் ஒழுகியது. காரணியை அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்தபோதும் வடிகட்டி சிதைந்தது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு! மனிதரிடமும் இதற்குச் சான்று கிடைத்தது. புற்றுக் கட்டிக்கு இரத்தம் செல்வதைத் தடுக்க இதே காரணியை முடக்கும் பெவசிசுமாப் என்னும் மருந்தைப் பெற்ற சிலருக்குச் சிறுநீரில் புரதமும் இரத்த அழுத்தமும் தோன்றின. அவர்களுடைய சிறுநீரக வடிகட்டியே பழுதுபட்டிருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

இனிக் கர்ப்பிணிகளின் விஷயத்திற்கு வருவோம். கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் ஒழுகி, முற்றினால் வலிப்புவரை கொண்டுபோய்த் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தாகும் நோய்க்குப் பிரீ-எக்லாம்ப்சியா என்று பெயர். இதன் காரணம் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமாஞ்சியும் அவருடைய குழுவினரும் 2003இல் ஒரு முக்கியமான முடிச்சை அவிழ்த்தனர். இந்நோயில் நச்சுக்கொடி ஒருவகை ஏற்பியை மிகையாக இரத்தத்தில் கலக்கவிடுகிறது. செல்லின் மேல் ஒட்டி நிற்காமல் தனியே மிதக்கும் ஏற்பி அது. சேரவேண்டிய இடத்திற்குச் செல்லுமுன்பே வளர்ச்சிக் காரணியை அது வழிமறித்துப் பிடித்துக்கொள்கிறது. தூது வந்து சேராத வடிகட்டி பழுதடைந்து, புரதம் ஒழுகுகிறது. எலிகளுக்கு அந்த ஏற்பியைச் செலுத்தியபோது அவற்றுக்கும் இரத்த அழுத்தமும் புரத ஒழுக்கும் உண்டாயின.

நோயின் அறிகுறிகள் தென்படுவதற்கு ஏறத்தாழ 5 வாரங்கள் முன்பே இரத்தத்தில் இந்த ஏற்பி வெகுவாக உயரத் தொடங்குவது 2004இல் தெரியவந்தது. இதன் அடிப்படையில் அமைந்த இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2023இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இரத்த அழுத்தத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளுள் யாருக்கு நோய் கடுமையாகும் என்பதை முன்னறிய அது உதவுகிறது.

ஆனால் சகோதரிகளே, அந்தப் புதிய பரிசோதனை எட்டாத ஊரிலும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் அந்தச் சிறு குப்பியும் இருக்கின்றன. அழைத்த நாளில் தவறாமல் செல்லுங்கள். கடும் தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்றில் வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவற்றுள் எது கண்டாலும், "பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம்" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்குப் புரதம் தென்படாமலும் இந்நோய் வரக்கூடும். பிரசவத்திற்குப் பின் சில வாரங்கள் வரையிலும் வரலாம். எனவே சிறுநீர் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி அறிகுறிகளை அலட்சியம் செய்யலாகாது.

இது பெண்களுக்கு மட்டும் உரிய பேச்சன்று. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் நாளடைவில் அதே பாதச்செல்களைத்தான் சிதைக்கின்றன. வலி எதுவும் இராது. அவ்விரு நோயுள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரில் அல்புமின் அளவைப் பார்த்துக்கொள்வது நலம். போன செல்களை மீட்பது அரிது; இருப்பவற்றைக் காப்பதோ நம் கையில் உள்ளது.

அடுத்த முறை அந்தக் குப்பியை நீட்டும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். வயிற்றுப் பிள்ளையையும் அதைச் சுமப்பவளையும் காக்கும் முதல் எச்சரிக்கை அதிலிருந்து கிடைக்கக்கூடும்.