கருவறைக்கு அனுப்பிய பில்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வயல் கிடையாது. வள்ளம், வலை, மீன் ஏலம், கருவாடு. அதனால் பூச்சிமருந்து என்று பேச்செடுத்தால் "அது கோவில்பட்டி பருத்திக்காரங்க பாடு" என்று தட்டிவிடுவது சுலபம். ஆனால் வாழைத் தோட்டத்தையும் நெல் வயலையும் கழுவிக்கொண்டு வரும் தாமிரபரணி, புன்னக்காயலில் இதே கடலில்தான் விழுகிறது. பருத்திக் காட்டில் களை எடுப்பதும் பஞ்சு எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். அதில் கர்ப்பிணிகளும் உண்டு.

(விஷத்துக்கு "மருந்து" என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!)

சரி, காசர்கோட்டுக்கு வருவோம். கேரள தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகளில் 1970களின் பின்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே வீடு, கிணறு, ஓடை எல்லாம் உண்டு. உடல் முடங்கிய குழந்தைகளின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். படத்தில் தெரியாத சேதம் ஒன்று இருக்கிறது.

அகமதாபாத் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் 2001ல் அங்கே 10 முதல் 19 வயது வரையான 117 பையன்களைப் பரிசோதித்தது. மருந்து தெளிக்காத ஊரிலிருந்து 90 பேரை ஒப்பிட எடுத்துக்கொண்டது. 2003ல் முடிவு வெளியானது. தெளித்த ஊர்ப் பையன்களுக்குப் பருவம் அடைவது தாமதம், டெஸ்டோஸ்டிரோன் குறைவு, ரத்தத்தில் எண்டோசல்பான் பல மடங்கு அதிகம்.

வயதைக் கழித்துப் பாருங்கள். 2001ல் பத்து வயது என்றால் 1991ல் பிறந்தவன், பத்தொன்பது என்றால் 1982. இந்தப் பையன்கள் வயிற்றில் இருந்த வருடங்களில் எல்லாம் ஹெலிகாப்டர் பறந்துகொண்டுதான் இருந்தது.

"பாதிப்பு வயிற்றிலா, பிறந்த பிறகா? பிரித்துச் சொல்ல முடியாதே!" என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் பிரிக்க முடியாதபடி இரண்டு நேரத்திலும் தெளித்தது யார்? ஆண் உறுப்புகளின் வளர்ச்சி முடிவாவது கர்ப்பத்தின் 8 முதல் 14 வாரங்களுக்குள், டெஸ்டோஸ்டிரோன் தயவில். அந்த வாரங்களில் அம்மாவின் ரத்தத்தில் என்ன ஓடுகிறதோ அதுதான் பிள்ளைக்கும். பெண் குழந்தை என்றால் இன்னும் மோசம். அவளுடைய கருமுட்டைகள் அவள் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. ஒரு கர்ப்பிணி மேல் விழும் துளி மூன்று தலைமுறையைத் தொடுகிறது. அந்த ஆய்வோ பையன்களை மட்டும்தான் பார்த்தது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. தோட்டத்தின் லாப நட்டக் கணக்கில் ஹெலிகாப்டர் செலவு இருக்கும், எண்டோசல்பான் விலை இருக்கும். அந்தப் பையன்களின் பருவம் எந்தத் தலைப்பில் வரும்? எதிலும் வராது. அதனால்தான் அது "மலிவான" மருந்து.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை 1998லேயே எண்டோசல்பானைத் தடை செய்துவிட்டது (அங்கே காரணம் வேறு, தற்கொலைகள்). இங்கே 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொல்லி 2017ல் உத்தரவு. 2022ல் நீதிமன்றம் திரும்பக் கேட்டபோது 3,704 பேரில் பணம் பெற்றிருந்தவர்கள் எட்டே எட்டுப் பேர்.

டைகோபால் கதை இன்னும் அசிங்கம். 1980ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அபாப்கா ஏரியில் அது கொட்டியது. முட்டை வழியாக விஷம் வாங்கிய முதலைக் குட்டிகளுக்கு ஆணுறுப்பு சிறுத்துப்போனதை 1990களில் கண்டுபிடித்தார்கள். இந்தியா அதைத் தடை செய்தது 2023ல். அதற்கு முன் 2020ல் வந்த வரைவில் 27 மருந்துகளின் பெயர் இருந்தது. தடை விழுந்தது டைகோபாலையும் சேர்த்து நாலுக்கு.