லெதர் வாசனைக்கு அறுநூறு ரூபாயா?

போன வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல ஆணி புடுங்கி முடிச்சதும் டீம்ல அஞ்சு பேர் ஒரு நண்பரோட ரூம் மொட்டை மாடியில கூடினோம். நண்பர் (பேர் வேணாம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆள் :-)) பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். ஊறுகாய்னு நெனச்சேன். திறந்தா உள்ள நாலு சுருட்டு, கூடவே ஈரப்பதம் குறையாம இருக்க ஒரு குட்டிப் பொட்டலம். அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க பாடம்...

"சிகார்னா பணக்காரன் சமாச்சாரம்னு யார்ரா சொன்னது? பட்ஜெட்லயே ஆரம்பிக்கலாம். தேவதாரு மரப்பெட்டி எல்லாம் வேணாம், காத்து போகாத டப்பா போதும். உள்ள ஈரப்பதம் 65லேர்ந்து 70 சதவீதம் இருக்கணும், அவ்ளோதான். ஒண்ணு அறுநூறு ரூபா, மாசத்துக்கு ஒண்ணு. புகையை உள்ள இழுக்கக் கூடாது, வாயிலயே வெச்சு விட்டுடணும். அதனால உடம்புக்கும் ஒண்ணும் ஆகாது. மெதுவா ரசிச்சுப் பாரு, முதல்ல காபி வாசனை, கடைசியில லெதர் வாசனை வரும்."

லெதர்! அங்கதான் எனக்கு சிரிப்பு தாங்கல.

மக்களே, நான் பொறந்து வளர்ந்தது ஆம்பூர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைனு பாலாத்துப் பக்கம் பொறந்தவனுக்கு லெதர் வாசனைன்னா என்னன்னு வகுப்பு எடுக்கத் தேவையில்ல. நண்பர் சொன்னது ஷோரூம்ல பளபளன்னு தொங்குற பெல்ட்டோட வாசனை. எனக்குத் தெரிஞ்சது சுண்ணாம்புத் தொட்டியில ஊறுற தோலோட வாசனை. சின்ன வயசுல ஸ்கூல் டூர் போனா, "எந்த ஊரு?"ன்னு கேட்டுட்டு மூக்கைப் பொத்திக் காமிப்பானுங்க. இப்ப அதே வாசனைக்கு அறுநூறு ரூபா குடுக்கணுமாம். அவ்வ்வ்வ்...

சிரிச்சது போதும், விஷயத்துக்கு வர்றேன். நண்பர் சொன்னதுல மூணு பொய் இருக்கு. அவர் வேணும்னு சொன்ன பொய் இல்ல. ஆனா நம்ம வயசுப் பசங்க நிறைய பேர் அதை நம்புறாங்க. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல் பொய்: இது என்னமோ புதுசா வந்த உயர்ந்த ரசனை.

ஆங்கிலத்துல செரூட்னு ஒரு வார்த்தை இருக்கே, அது நம்ம 'சுருட்டு'தான். போர்த்துகீசியர் வாய்க்குப் போய் சருட்டோ ஆகி, அங்கேர்ந்து ஆங்கிலத்துக்குப் போனது. போர்ச்சுகல்லயும் பிரேசில்லயும் இன்னிக்கும் சிகாருக்கு அதான் பேரு. கோனன் டாயில் 1887ல எழுதின முதல் ஹோம்ஸ் கதையிலயே, சாம்பலைப் பார்த்து இது திருச்சி சுருட்டுன்னு துப்பு துலக்குவார் ஹோம்ஸ். திண்டுக்கல் பக்கம் வேடசந்தூர்ல 1948லயே சுருட்டுப் புகையிலைக்குன்னு அரசாங்க ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க. யாழ்ப்பாணச் சுருட்டுக்கு ஒரு காலத்துல தென்னிலங்கை முழுக்க சந்தை. ஆக, நம்ம ஊர்ச் சரக்குதான். தாத்தா திண்ணையில பிடிச்சா அது நாத்தம், நாம மொட்டை மாடியில பிடிச்சா ரசனை! 2025 செப்டம்பர்ல ஜி.எஸ்.டி. கவுன்சில் 40 சதவீத வரின்னு முடிவு பண்ணினப்பகூட, பட்டியல்ல சிகாரும் செரூட்டும் ஒரே வரியிலதான் இருந்துச்சு. வரி போடுறவனுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல.

ரெண்டாவது பொய்: உள்ள இழுக்கலைன்னா ஒண்ணும் ஆகாது.

இதுக்குத்தான் எனக்குக் கோபம். எங்க தாத்தா டேனரியில வேலை பார்த்தவர். "டேனரி நாத்தத்துக்கு இந்த நாத்தம் தேவலை"ன்னு சொல்லிக்கிட்டு சுருட்டைப் பத்த வைப்பார். ஒரு நாள்கூட புகையை நெஞ்சுக்குள்ள இழுத்ததில்ல. வாயிலயே வெச்சிருந்து ஊதுவார், நண்பர் சொன்ன அதே முறை. அறுபத்து மூணு வயசுல நாக்கு ஓரத்துல ஆறாத புண்ணு. மிளகாய் காரம்னு மூணு மாசம் ஓட்டினார். டாக்டர் பார்த்தப்போ கழுத்துல நெறி கட்டியிருந்துச்சு. கடைசி நாலு மாசம் கஞ்சிகூட இறங்கல. நான் அப்ப ஒன்பதாவது.

நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். ஆனா இந்த அளவுக்குப் படிச்சுப் பார்த்தேன். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. அதனால நிகோடின் நுரையீரலுக்குப் போகாமலே வாயோட உள்தோல் வழியா ரத்தத்துல ஏறிடும். சிகரெட் ஒண்ணுல ஒரு கிராம் புகையிலைகூட கிடையாது, பெரிய சிகார் ஒண்ணுல அஞ்சு கிராமுக்கு மேல இருக்கும். சிலதுல ஒரு பாக்கெட் சிகரெட் அளவு. ஆந்திராவுல ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம் நெருப்பு முனையை வாய்க்குள்ள வெச்சு சுருட்டு பிடிக்கிற பெண்கள் உண்டு. அவங்களுக்கு மேல் அண்ணத்துல வர்ற புற்றுநோயைப் பத்தி டாக்டருங்க பல வருஷமா எழுதிக்கிட்டிருக்காங்க. வாயிலயே வெச்சு விடுறதுல பாதுகாப்பு எங்க இருக்கு?

மாசம் ஒண்ணு பிடிக்கிறவனுக்கும் தினம் நாலு பிடிக்கிறவனுக்கும் ஒரே ஆபத்துன்னு நான் சொல்ல வரல. அது நிச்சயம் ஒண்ணு இல்ல. ஆனா எங்க தாத்தாவும் மயானக்கொள்ளை திருவிழாவுக்கு மட்டும்னுதான் ஆரம்பிச்சாராம். யாரும் தினம் நாலுன்னு முடிவு பண்ணி ஆரம்பிக்கிறதில்ல.

மூணாவது பொய்: பட்ஜெட்.

அறுநூறு ரூபாய்ல சிக்கனமாம்! எங்க ஆயா ஊரு குடியாத்தம். அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுத்துவாங்க. மடியில முறம், பக்கத்துல கத்தரிக்கோல், ஊற வெச்ச பீடி இலை. இலையை அளவு வெச்சு வெட்டி, தூள் போட்டு, சுத்தி, முனை மடிச்சு, நூல் கட்டணும். கூலி ஆயிரம் பீடிக்குத்தான். அதுலயும் சரியில்லைன்னு ஏஜென்ட் கழிச்சுக் கட்டுறது தனிக்கதை. நான் ஸ்கூல் படிச்சப்போ ஆயிரம் சுத்தினா ஆயாவுக்கு நூறு ரூபாகூட வராது. அந்தக் கணக்குக்கு நண்பரோட ஒரு சுருட்டு, ஆயாவுக்கு ஆறாயிரம் பீடி. ஒரு வார வேலை. காசோட மதிப்பு மாறிடுச்சுன்னு சொல்வீங்க, சரி. ஆயா விரல் நுனியில ரேகை தேஞ்சு போச்சு, அது மாறல. ரேஷன் கடையில கைநாட்டு மெஷின் இன்னும் அவங்க விரலை ஏத்துக்க மாட்டேங்குது.

1966ல வந்த சட்டத்தோட பேரே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். சட்டம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சுது. நாமதான் ஒண்ணை ஏழை சமாச்சாரம்னும் இன்னொண்ணை கிளாஸ்னும் பிரிச்சு வெச்சிருக்கோம்.

"அப்ப எல்லாரும் விட்டுட்டா பீடி சுத்துறவங்க கதி?"ன்னு பின்னூட்டத்துல ஒருத்தர் கண்டிப்பா வருவார். நியாயமான கேள்வி. ஆயா மாதிரி ஆளுங்களுக்கு வேற வேலை வேணும், அது அரசாங்கம் பதில் சொல்ல வேண்டிய விஷயம். ஆனா நீங்க டப்பாவுல வெச்சிருக்கிற வெளிநாட்டுச் சுருட்டால குடியாத்தத்துல ஒரு அடுப்பும் எரியப் போறதில்ல சாமி.

இவ்வளவு பேசுற நீ யோக்கியனான்னு கேட்டா, இல்ல. அன்னிக்கு நானும் ரெண்டு இழுப்பு இழுத்தேன். காபியும் வரல, லெதரும் வரல. தலை சுத்தி, நெத்தி வேர்த்து, தண்ணித் தொட்டி ஓரமா வாந்திதான் வந்துச்சு. திண்ணையில தாத்தா பக்கத்துல உக்காந்திருந்த வாசனை அப்படியே வந்துச்சு, அது வேற விஷயம்.

ஞாயித்துக்கிழமை ஆயாவுக்கு போன் பண்ணி உளறிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இன்னாத்துக்குடா கண்ணு? உங்க தாத்தன் வாயில துணி வெச்சு தொடச்சது நீதானே"ன்னுச்சு.

ஆமா, நான்தான்.

டிஸ்கி 1: சிகரெட், பீடி பிடிக்கிறவங்க "நாங்க தப்பிச்சோம்"னு நெனைக்க வேணாம். உங்களுக்குத் தனிப் பதிவு இருக்கு.

டிஸ்கி 2: நண்பரே, டப்பாவை வீணாக்காதீங்க. ஆயா கையால போட்ட மாங்கா ஊறுகாய் அடுத்த தடவை ஊருக்குப் போனா கொண்டாறேன். காத்து போகாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க :-)