எங்களுக்குக் கூரை எங்கே இருக்கிறது?

2016 செப்டம்பரில் இலங்கை அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தைக் கொண்டுவந்தது. கூரையில் சோலார் போட்டால், வீட்டுப் பாவனைக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை மின்சார சபை வாங்கும் என்றார்கள். அலகுக்கு முதல் ஏழு வருசம் 22 ரூபா, பிறகு பதின்மூன்று வருசம் 15.50. வங்கிகள் கடன் கொடுக்க ஆசிய அபிவிருத்தி வங்கியின் பணமும் வந்தது. சொந்த வீட்டுக்காரர் பிழைத்தார்கள்.

தோட்டத் தொழிலாளர்களான நாங்கள்? மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று லயம் லயமாக நடந்து பாருங்கள். ஒரே தகரத்தின் கீழ் பத்துக் குடும்பம். காற்றுக்குப் பறக்காதிருக்க மேலே கல்லும் பழைய டயரும். அந்தத் தகரம் தோட்டத்துடையது, காணி அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பெனியுடையது. லயக் காம்பராவிலேயே பிறந்து செத்த என் தாத்தாவுக்கும் உறுதி இல்லை, எனக்கும் இல்லை. ஒழுகும் கூரையை மாற்றவே தோட்டத் துரையிடம் போய் நிற்கிறவனுக்கு எந்த வங்கி சோலார் கடன் தரும்?

நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்ததே எங்கள் ஆறுகளிலிருந்துதானே! 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மவுசாக்கலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரத்தையே தண்ணீருக்குக் கொடுத்தோம். அதில் மூழ்கிய கோயில் வறட்சியில் இன்றும் வெளியே தெரிகிறது. 2012இல் மேல் கொத்மலை மின்நிலையம்: தலவாக்கலையில் மறித்த தண்ணீரில் 150 மெகாவாட். இவ்வளவும் கொடுத்தவர்களுக்குத் திரும்பி வந்தது கட்டண உயர்வு. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் பில் ஏறியபோது எங்கள் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவில் நின்றது. கொழுந்துப் பையோடு மலை ஏறி இறங்கியவளுக்கு அன்று ஒரு சலுகையும் கிடைக்கவில்லை.

2025 ஏப்ரலில் இந்திய உதவியோடு நாடெங்கும் 5000 வழிபாட்டுத் தலங்களுக்குச் சோலார் என்றார்கள். மனதார வரவேற்கிறோம். ஆனால் கோயில் கூரைக்கு வழி கண்டவர்களுக்கு, அந்தக் கோயிலில் கும்பிடுகிறவர்களின் லயத்துக்கு வழி தெரியாதா? அதே வருசம் புதிதாகச் சேர்பவர்களுக்கு அலகு விலையையும் குறைத்துவிட்டார்கள். எங்களைக் காக்க வைத்த ஒவ்வொரு வருசமும் எங்களுக்குத்தான் நட்டம்.

லயக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்று எத்தனை மேடையில் கேட்டுவிட்டோம்! உறுதியை எங்கள் பேரில் எழுதிக் கொடுங்கள். அது முடியும்வரை லயத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கமாக ஒப்பந்தம் செய்ய இடம் விடுங்கள். தேயிலைத் தொழிற்சாலைக் கூரையில் ஒரு பகுதியைத் தந்து, அதில் வரும் மின்சாரத்தை எங்கள் பில்லில் கழியுங்கள். அந்தத் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுப்பது நாங்கள்தான்.