மினுங்குவதெல்லாம் புரூப் காசு அல்ல

சென்ற மாதம் நண்பர் ஒருவர் கடைக்கு வந்து 1957ஆம் ஆண்டு ஐந்து ரூபாய் வெள்ளி நாணயமொன்றை மேசையில் வைத்தார். 2,500ஆவது புத்த ஜயந்திக்காக வெளியிடப்பட்டது அது. "நானா, இது புரூப் காசு. கண்ணாடி போல மினுங்குது பாருங்க" என்றார். நல்ல விலை கொடுத்திருக்கிறார்.

நகைக்கடை லென்ஸை வைத்துப் பார்த்தேன். எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. சாதாரண நாணயத்துக்கு யாரோ பொலிஷ் போட்டிருக்கிறார்கள்.

புரூப் என்பது நாணயத்தின் நிலையைக் குறிக்கும் சொல் அல்ல, அது செய்யும் முறை. மினுக்கிய அச்சினால், தனியாகத் தயார் செய்த தகட்டில், ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள். அதனால் எழுத்தும் விளிம்பும் கூர்மையாக நிற்கும். பொலிஷ் போட்டால் மினுக்கம் வரும், கூர்மை போய்விடும்.

உண்மையான புரூப் காசும் கெட்டுப்போகும். விளக்கின் கீழ் சரித்துப் பிடித்தால் மயிரிழை போன்ற கீறல்கள் தெரியும். துடைத்ததன் அடையாளம் அது. நானும் ஒரு காலத்தில் மெல்லிய துணிதானே என்று ஒன்றைத் துடைத்து அதன் விலையைக் கெடுத்தவன்தான். விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. மலிவான பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும்.

இனி அருமை. "கொஞ்சம்தான் அடித்தார்கள்" என்று அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டுவார்கள். ஆனால் புரூப் காசை யார் செலவழிக்கிறார்கள்? அடித்ததில் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. அமெரிக்காவில் 1975இல் 28 லட்சத்துக்கும் அதிகமான புரூப் செட்டுகள் விற்கப்பட்டன. அவற்றின் பத்து சென்ற் காசுக்குப் பெரிய விலை கிடையாது. 'எஸ்' என்ற அச்சகக் குறி விடுபட்டதாக அறியப்பட்டவை இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று 2019இல் 4,56,000 டொலருக்குப் போனது, மற்றது 2024இல் 5,06,250 டொலருக்கு.

நண்பரின் நாணயம் 28.28 கிராம், வெள்ளி 92.5 சதவீதம். அதாவது சுத்த வெள்ளி 26 கிராம் அளவில். அன்றைய வெள்ளி விலையில் அதைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் அவர் கொடுத்ததெல்லாம் 'புரூப்' என்ற சொல்லுக்குத்தான். இதே விலைக்குத் திருப்பி எடுப்பீர்களா என்று விற்றவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

இப்போது கேட்கப் போயிருக்கிறார். அந்த ஆள் கடையைக் காலி செய்துவிட்டாராம்.